குருத்தோலை தின்ற ஆக்னஸ்

“சார், ஆட்டுக்குட்டிக்கு பாதாம் பால் குடுக்கலாமா?” என்று மஞ்சுநாத் போனில் கேட்டபோது, விவேக் நகரில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து என் சொந்த வயிற்றுக்கு இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசு கால்நடை மருத்துவமனையில் நான் கம்பவுண்டராக உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் மஞ்சுநாத். யாரோ அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் மகளின் பிறந்த நாளுக்கு ஆட்டுக்குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். அந்த வீட்டில் எல்லோரும் விலங்குப் பாலை விட்டுவிட்டார்களாம். ஆகவே குட்டியும் விட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. குட்டியின் கொள்கை என்னவென்று யாரும் கேட்கவில்லை.

பாதாம் மரம் ஈன்ற குட்டியென்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். அவன் சிரித்துவிட்டு, நான் வீட்டிலேயே புட்டிப்பால் கொடுத்து ஒரு குட்டி வளர்த்தவனாமே, அதை எழுதித் தந்தால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்றான். பணியில் இருந்த காலமெல்லாம் என்னிடம் எழுதிக் கேட்டது விளக்கக் கடிதம் ஒன்றைத்தான். அனுபவம் கேட்டு ஒருவன் வந்திருக்கிறான். விடுவேனா?

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்டின் பின்னால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். அது தவறு என்று ஒரு மாடு சொல்லிக் கொடுத்தது. மற்றதெல்லாம் பாட்டில் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது. பிறகு சந்தாபுரா பக்கத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கேயே நரைத்தேன்.

என் மேலதிகாரி டாக்டர் சரோஜா மேடம். கன்னடக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, உயர்த்தும் தேவையும் இருந்ததில்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விலங்குகளை ‘அவரு’ என்பார், எங்களை ‘நீனு’, அதாவது வெறும் ‘நீ’ என்பார். கழிச்சல் கண்ட கன்றுக்குட்டி வந்தால், “ஏனாய்த்து இவ்ரிகெ?” என, இவருக்கு என்ன ஆச்சென்று மரியாதையாக விசாரிப்பார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, “நீனு சும்னிரு” என்பார், நீ சும்மா இரு என்று. நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆட்டை அழைத்து வந்தவரின் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் ஆட்டின் இமையைக் கீழே இழுத்து நிறம் பார்ப்பார். பிறகு வாய்க்குள் விரல் விட்டுச் சூடு பார்ப்பார். பிறகு இடது விலாப் பக்கம் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா இருப்பார். ஒரு முறை நான் “மேடம், டீ ஆறிப்போகுது” என்றதற்கு, “அவரு பேசிட்டிருக்காரு” என்றார், ஆட்டின் வயிற்றைக் காட்டி.

தாயில்லாக் குட்டிகளைக் கொண்டு வருகிறவர்களுக்குப் புட்டிப்பால் விவரம் சொல்வது மட்டும் என் இலாகா. அதில் நான் மன்னன். முதலில் வாய்க்குள் விரல் விட்டுப் பார், வாய் சில்லென்று இருந்தால் பால் கொடுக்காதே, முதலில் குட்டியைச் சூடாக்கு. பாலை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார், சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. ரப்பர் காம்பில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போடு. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. குட்டி நான்கு காலில் நிற்க, கழுத்து நீண்டு, மூக்கு சற்று மேலே பார்க்கக் குடிக்க வேண்டும். வயிறு நிரம்பும் முன் நிறுத்து. குடித்தபின் ஈரத் துணியால் பின்பக்கம் துடைத்து விடு, தாய் நக்குவது போல. இதையெல்லாம் தமிழில், கன்னடத்தில், உடைந்த உருதுவில் ராகம் போட்டு ஒப்பிப்பேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். நான் ஒரு குட்டிக்காவது பாட்டில் பிடித்ததுண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற வரைக்கும் எவனும் நிபுணன்தான்.

கேட்டவர் முனியம்மா.

முனியம்மா சந்தாபுராவில் ஆடு மேய்த்துப் பிழைத்தவர். ஐம்பதைத் தாண்டியவர். மேய்ச்சல் நிலம் லேஅவுட்டாகி, லேஅவுட் வில்லாவாகி, கடைசியில் அவர் ஆடுகளுக்கு மிஞ்சியது ரோட்டோரமும் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கமும். தை மாத முகூர்த்தம் ஒன்றில் மண்டபத்தார் மிச்சச் சோற்றையும் கேசரியையும் பின்பக்கம் மலையாகக் கொட்டியிருக்கிறார்கள். ஆடுகள் விருந்தாளிகளைவிட நன்றாகச் சாப்பிட்டன. பச்சைப் புல்லுக்குப் பழகிய வயிற்றில் அவ்வளவு சோறு விழுந்தால் புளித்து விஷமாகும். மேடம் அந்தப் பட்டியில் முழங்காலிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுந்தார். அன்று அவர் யாரையும் ‘நீனு’ என்றுகூடச் சொல்லவில்லை. பட்டியில் உயிரோடு எஞ்சியது சோறு தின்னத் தெரியாத ஒரே ஒரு குட்டி. பொட்டைக்குட்டி. சீம்பால் குடித்திருந்தது, அந்த மட்டும் பாக்கியம்.

முனியம்மாவின் மகன் முருகேஷ் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றான். கெட்டவன் இல்லை. அம்மா வெயிலில் அலைவது அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தன் இடத்திலேயே அவருக்கு வேலை சொல்லி வைத்திருந்தான். யூனிஃபார்ம், பி.எஃப்., மத்தியானம் சாப்பாடு. “பட்டிதான் காலியாயிடுச்சேம்மா, இன்னும் இன்னாத்துக்கு?” என்றான்.

முனியம்மா குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு, “இது நின்னு, வாய் வெச்சு மேய்ஞ்சா நான் ஆடு மேய்ப்பேன். செத்துச்சின்னா நீ சொல்ற எடத்துல தொடப்பம் புடிக்கறேன். பேச்சு அவ்ளோதான்” என்றார்.

சிக்கல் என்னவென்றால் அந்த வாரமே அவர் ஓசூர் போக வேண்டும். மகளுக்குத் தலைப்பிரசவம். குட்டியை முருகேஷிடம் விட அவருக்கு மனமில்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லாமல், “அவனுக்கு ட்யூட்டி இருக்குது” என்றார். நான் வழக்கம்போல் ராகத்தை ஆரம்பித்தேன். மணிக்கட்டு, ரப்பர் காம்பு, ஈரத் துணி. பாதியில் அவர் நிறுத்தினார்.

“கம்பவுண்டரே, இத்தினி வருசமா இதே பாட்டுப் பாடறீங்க. நீங்க எத்தினி குட்டி வளத்தீங்க?”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் குட்டியின் வாயிலிருந்து விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டே, இவன் கொண்டுபோவான், இவனுக்கு எல்லாம் தெரியும் என்று கன்னடத்தில் சொன்னார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அது நம்பிக்கையா தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மாலை துணிப்பைக்குள் குட்டியோடு பஸ் ஏறினேன். பொம்மனஹள்ளி தாண்டும் முன்பே அது கத்தியது. கண்டக்டர் திரும்பினார். என் போன் மணி என்று சொல்லிப் பார்த்தேன். எடுங்க, எடுத்துப் பேசுங்க என்றார். பை மறுபடி கத்தியது. அவருக்குப் பின்னால் முழு பஸ்ஸும் சிரித்தது.

என் மனைவி ஸ்டெல்லா கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கதவைத் திறந்து, பையைப் பார்த்து, என்னைப் பார்த்து, “என்னங்க இது, ஒரு கிலோ கறி சொன்னா முழுசா வாங்கிட்டு வந்திருக்கீங்க?” என்றாள். வைத்துக்கொள்ள வந்தது என்றதும் முகம் கறுத்தது. வீட்டில் ஒரு வாயில்லா ஜீவன் போதாதா என்றாள். அது நான்தான். ஆனால் குட்டி அவள் சேலை முந்தானையை வாயில் போட்டுச் சப்ப ஆரம்பித்ததும், விவாதம் என் கையை விட்டுப் போய்விட்டது. அது புனித ஆக்னஸ் திருநாள் வாரம். படங்களில் ஆக்னஸ் கையில் எப்போதும் ஓர் ஆட்டுக்குட்டி இருக்கும். குட்டிக்கு ஆக்னஸ் என்று பெயர் விழுந்தது. எதிர் வீட்டில் அறுபது வயது ஆக்னஸ் ஆன்ட்டி ஒருவர் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. ஸ்டெல்லா வாசலில் நின்று “ஆக்னஸ், பால் குடிக்க வா” என்று கூப்பிட்டபிறகு அவர் எங்களோடு சில நாள் பேசவில்லை.

பாட்டில் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ரப்பர் காம்பையும் என் நரையையும் பார்த்து, பேரப்பிள்ளையா என்று வாழ்த்தத் தயாரானார். ஆடு என்றேன். வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஸ்டெல்லாவுக்கு எல்லாவற்றையும் செய்து காட்டினேன். குட்டி அப்போது தூங்கியதால் தலையணையை வைத்துக் காட்டினேன். தலையணை அருமையாக ஒத்துழைத்தது.

பகலில் நான் ட்யூட்டிக்குப் போய்விடுவேன். வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழுவை அன்பியம் என்போம். அதற்குத் தலைவி ஸ்டெல்லா. பால் நேரத்துக்கு அன்பியமே வந்துவிடும். ஆளுக்கு மூன்று நான்கு பிள்ளைகளை வளர்த்த கைகள். ஆட்டுக்குட்டியாவது, மனிதக் குட்டியாவது, அந்தக் கைகளுக்குத் தெரிந்தது ஒரே பிடிதான். மடியில் மல்லாக்கப் போட்டு, தலையை முழங்கை வளைவில் சாய்த்து, தொடையில் தட்டித் தட்டி ஊட்டினார்கள். பால் மெதுவாக வருவதைப் பார்த்து ஒருவருக்கு மனம் தாங்காமல் கத்தரிக்கோலால் காம்பின் ஓட்டையைப் பெரிதாக்கினார். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வர வைத்தார்கள். ஏப்பமும் வந்ததாம்.

கூடவே இருமலும் வந்தது. ஒரு நாள் மூக்கில் பால் வழிந்தது. மறுநாள் குட்டி எழுந்திருக்கவில்லை.

பைக்குள் போட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். இந்த முறை பை கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மேடம் ஸ்டெத்தாஸ்கோப்பை வலது நெஞ்சில் வைத்தார், இடது நெஞ்சில் வைத்தார், மறுபடி வலதில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு பாட்டிலைக் கேட்டார். காம்பை முகர்ந்து பார்த்தார். தன் மணிக்கட்டின் மேல் கவிழ்த்தார். பால் குழாய்த் தண்ணீர் போல் கொட்டி அவர் வாட்ச்சை நனைத்தது. அதைத் துடைக்காமலேயே கேட்டார்: “இவரை மல்லாக்கப் போட்டு ஊட்டினது யாரு?”

“தெருவே, மேடம்.”

“தெருவுக்கு நீ சொல்லலையா?”

“தலையணைல செஞ்சு காட்டினேன்.”

அவர் பாட்டிலை என் கையில் திணித்தார். பிறகு தாழ்ந்த குரலில், மல்லாந்து படுத்துக் குடித்தால் பால் போகக் கூடாத வழியில் போய் நெஞ்சில் இறங்கிவிடும் என்று, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்கே சொன்னார். நான் ஊருக்கெல்லாம் ஒப்பித்த பாடம். என்னிடம் திருப்பி ஒப்பிக்கப்பட்டபோதுதான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. ஊசியைத் தானே போட்டார். தினமும் அதே நேரத்தில் கொண்டு வா என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். “அவரைக் கேக்கறேன், சொன்னா உனக்குச் சொல்றேன்” என்றார்.

அந்த ‘அவர்’ சொல்லச் சில நாள் ஆனது. அதுவரை ஓசூரிலிருந்து முனியம்மாவின் போன் வரும்போதெல்லாம் ஸ்டெல்லாதான் பேசினாள். நன்றாக இருக்கிறது என்றே சொன்னாள். பேசி முடித்ததும் பாவமன்னிப்புக்குப் போக வேண்டும் என்று முணுமுணுப்பாள். ஒரு வழியாகக் குட்டி எழுந்து நின்றது. வீட்டில் சட்டங்கள் மாறின. நிற்க வைத்துத்தான் ஊட்ட வேண்டும், தாலாட்டு கூடாது, ஏப்பம் அதன் சொந்த விஷயம். அன்பியம் முணுமுணுத்தது, ஆனால் கீழ்ப்படிந்தது.

அடுத்த கண்டம் அதன் பின்னால் வந்தது. ஆக்னஸ் பால் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. குதிரை மசால் தீவனம் வைத்தேன், அதன் மேல் படுத்துக்கொண்டது. அகத்திக்கீரை கட்டிவிட்டேன், முட்டி விளையாடியது. மந்தையில் பிறந்த குட்டி தாயைப் பார்த்துப் புல்லைக் கடிக்கும். இது எங்களைப் பார்த்து வளர்ந்தது. நாங்கள் புல் தின்பவர்கள் இல்லை. காலையில் காப்பி குடிப்பவர்கள்.

இதை மேடத்திடம் சொன்னபோது அவர் மருந்து எழுதுவதை நிறுத்தாமல், “அப்போ நீனு தின்னு காட்டு” என்றார். கிண்டலா உத்தரவா? அவரிடம் இரண்டுக்கும் ஒரே முகம். சந்தேகத்தின் பலனை உத்தரவுக்குக் கொடுத்தேன். ஞாயிறு காலை மொட்டைமாடியில் நான்கு காலில் நின்று அகத்திக்கீரைக் கட்டை வாயால் உருவினேன். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. ஆக்னஸ் தலையைச் சாய்த்து அனுதாபத்தோடு பார்த்தது. எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆக்னஸ் ஆன்ட்டியும் பார்த்தார். அவர்தான் எங்களோடு பேசுவதில்லையே. ஆகவே நேராக ஸ்டெல்லாவின் தங்கைக்குப் போன் போட்டு, அவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குது, பார்த்துக்கோங்க என்று சொல்லியிருக்கிறார்.

சிரிப்புக்குப் பின்னால் உண்மை நெருக்கியது. முருகேஷ் ஒரு முறை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். குட்டி பாட்டிலைக் கண்டு துள்ளியது அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் படியிறங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “அண்ணே, இது பால்லயே நின்னுச்சின்னா எங்கம்மாவால முடியாது. எங்க வூட்ல காப்பிக்கே பால் எண்ணி ஊத்தறோம். நீங்க அவங்களுக்கு ஆசை காட்டாதீங்க.” அவன் சொன்னதில் தப்பே இல்லை. முனியம்மா ஓசூரிலிருந்து வர இன்னும் சில நாள்தான். பேரன் பிறந்திருந்தான்.

விபூதிப் புதன் நெருங்கியது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த தென்னங்குருத்தை வருடம் முழுக்க வீட்டுப் படத்தின் பின்னால் செருகி வைத்திருப்போம். தவக்காலம் தொடங்கும் முன் அதையெல்லாம் திரும்ப வாங்கிக் கோயிலில் எரித்து, அந்தச் சாம்பலைத்தான் எங்கள் நெற்றியில் பூசுவார்கள். எங்கள் தெருவின் ஓலைகளைச் சேகரிப்பது அன்பியத் தலைவியின் பொறுப்பு. ஸ்டெல்லா வீடு வீடாகப் போய் வாங்கி, ஒரு சாக்குப்பையில் போட்டு மாடிப்படி ஆணியில் மாட்டியிருந்தாள். சிலுவையாக மடித்தது, புறாவாகப் பின்னியது, சும்மா காய்ந்தது, எல்லாம்.

செவ்வாய் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது படியிலிருந்து சரசர என்று சத்தம். பை கீழே கிடந்தது. ஆக்னஸ் அதற்குள் தலையை விட்டிருந்தது. தலையை வெளியே எடுத்தபோது வாயில் ஒரு சிலுவை பாதி தொங்கியது. ஒரு வருடம் ஊதுவத்திப் புகையில் காய்ந்த ஓலை. வேறெந்தத் தீவனத்துக்கும் அந்த மணம் கிடையாது. நாங்கள் பார்க்கப் பார்க்க மீதிச் சிலுவையும் உள்ளே போனது.

ஸ்டெல்லா முதலில் சிலுவைக் குறி போட்டாள். பிறகு, “தின்னுடுச்சிங்க” என்றாள். அந்தக் குரலில் கோபம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

மேடத்துக்குப் போன் போட்டேன். நான் அவ்வளவு உற்சாகமாகச் சொன்னதை அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காய்ந்த ஓலை, நறுக்காத நார், இத்தனை நாள் பால் மட்டும் பார்த்த வயிறு. உள்ளே உருண்டு அடைத்துக்கொண்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வெதுவெதுப்பாகத் தண்ணீர் வை, பால் கொடுக்காதே, லீவு போட்டுக் கூடவே உட்கார். “அசை போட்டாருன்னா போன் பண்ணு. போடலைன்னாலும் பண்ணு” என்றார். இரண்டாவது வாக்கியத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓலை போன செய்தி தெருவில் பரவியது. கேள்வி கேட்க ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் வீட்டுப் புறா எங்கே, மகன் செய்த சிலுவை எங்கே. ஸ்டெல்லா குட்டியைக் காட்டுவாள். அது சுவரோரம் படுத்து, கழுத்தை நீட்டி, யாரையும் பார்க்காமல் கிடந்தது. வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் என் வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. ஒரு ஆட்டின் தாடையை மட்டும் பார்த்துக்கொண்டு அத்தனை பெண்கள் பேசாமல் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை, பிரசங்க நேரத்தில்கூட. நான் இடது விலாவில் கை வைத்துப் பார்த்தேன். என்னிடம் அந்த வயிறு எதுவும் பேசவில்லை. மேடத்திடம் மட்டும் எப்படிப் பேசுகிறது என்று எரிச்சலாக இருந்தது. ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்தாள். நம் ஓலையைத் தின்ற ஆட்டுக்கே ஜெபமா என்று ஒருவர் ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார்.

ஆக்னஸ் ஆன்ட்டி வாசற்படியில் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. பேச்சு இல்லையல்லவா. அங்கிருந்தே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: “ஸ்டெல்லா, அதோட தொண்டைல எதோ மேல ஏறுது பாரு.”

ஒரு உருண்டை. கழுத்தில் மெதுவாக மேலே ஏறியது. ஆக்னஸ் கண்ணைப் பாதி மூடியது. கீழ்த் தாடை ஒரு பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. பெரிய அவசரம் ஒன்றும் இல்லை. ரிட்டயரான ஆள் வெற்றிலை மெல்வது போல மென்றது.

போனில் நான் அழுதேன் என்று மேடம் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். ஜலதோஷம்.

மறுநாள் கோயிலில் பங்குச் சாமியாரிடம் ஸ்டெல்லா தலைகுனிந்து, கடித்துக் குதறிய மிச்சத்தோடு பையைக் கொடுத்தாள். மற்றத் தெருக்களின் ஓலையே போதும் என்றார் அவர். ஆனால் நெற்றியில் பூசும்போது எனக்கு மட்டும் கட்டை விரலால் சற்று அழுத்திப் பூசினார் என்பது என் சந்தேகம்.

அந்த ஞாயிறு முனியம்மா மகனோடு வந்தார். ஆக்னஸ் அதற்குள் மசாலும் அகத்தியும் தின்னப் பழகி, ஸ்டெல்லாவின் துளசிச் செடியையும் முடித்திருந்தது. முனியம்மா கொஞ்சவில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், முதுகில் கைவிட்டு எலும்பைத் தடவினார், காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். கோயில் மதிலோரம் புல் முளைத்த இடத்துக்கு ஓட்டிப் போய் விட்டார். தெரு முழுக்க நின்று பார்த்தது. குட்டி ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். குட்டி சற்று நின்றுவிட்டுத் தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்து இழுத்தது.

முருகேஷ் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தான். அது நகர்ந்து நகர்ந்து அவனிடம் வந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை வாயில் இழுத்தது. அவன் பிடுங்கிக்கொள்ளவில்லை.

“பொட்டைதானேம்மா?” என்றான்.

“ஆமாடா.”

“ஒத்தை ஆடு நிக்காதும்மா. ஏங்கிடும்.” நாடாவை விடுவித்து, ஈரத்தைப் பேன்ட்டில் துடைத்தான். “அத்திபெலே சந்தைல தொணைக்கு ஒண்ணு பாக்கலாம்.”

முனியம்மா மகனுக்கு முகத்தைக் காட்டவில்லை. குனிந்து குட்டியின் கழுத்தில் கயிறு கட்டுவதில் மும்முரமானார். வேண்டிய நேரத்துக்கு மேலேயே கட்டினார். பிறகு நிமிர்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா கம்பவுண்டரே, ஆட்டைக் குடுத்தா பாதிப் புள்ளையாக்கி வெச்சிருக்கீங்க? பேரு வெச்சிருக்கீங்க, துண்டு போட்டுத் தொடைக்கிறீங்க. அடுத்த குட்டிய நானே பாத்துக்கறேன். உங்க வூட்டுப் பக்கம் கொண்டாற மாட்டேன்.”

அடுத்த குட்டி என்றாரே, அது போதும். சரிம்மா என்றேன்.